மேப்பில் இல்லாத ஸ்டாப்

கம்பெனி வேனுக்கு ரூட் போடுகிறவனுக்கு நன்றி சொன்ன ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. வேன் நேரத்துக்கு வந்தால் பெருமை டிரைவருக்கு, தாமதமானால் திட்டு எனக்கு. உறவினர் கல்யாணத்துக்கு மேப் பார்த்து வழி சொல்லப்போய், காரில் இருந்த அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

நான் இருப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன உதிரிபாகத் தொழிற்சாலையில். வரைபடம் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்கள் சுவரில் தொங்கும் உலகப்படத்தைத் தேடுகிறார்கள். ஆகவே மேப் என்றே வைத்துக்கொள்வோம். புதிதாக வந்த மேனேஜர், எல்லா வேன் ரூட்டையும் மேப்பில் புதிதாகப் போட்டு, அதிகப்படி ஸ்டாப்களை எடுத்துவிடச் சொன்னார். அப்படி எடுக்கப்படவிருந்த ஒன்றில்தான், தினமும் காலை ஆறு இருபதுக்கு, இன்ஸ்பெக்‌ஷன் பிரிவின் கலைவாணியும் இன்னும் நான்கு பெண்களும் நிற்பார்கள்.

முப்பத்து நான்கு நிமிடம்

ஆபீஸ் சத்தத்தில் இந்த வேலை நடக்காது என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்தேன். பட்டாபிராமிலிருந்து எஸ்டேட்டுக்கு முப்பத்து நான்கு நிமிடம் என்றது மேப். ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு முறை கேட்டேன். முப்பத்து மூன்று என்றது. இத்தனை காலம் டிரைவர் ஏகாம்பரம் எங்கேயோ டீ குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்று கதை விட்டிருக்கிறார் என முடிவு கட்டி, வேன் புறப்படும் நேரத்தை இருபது நிமிடம் தள்ளிவைத்தேன்.

திங்கட்கிழமை ஆவடியைத் தாண்டுவதற்குள்ளேயே முப்பத்து நான்கு நிமிடம் முடிந்துவிட்டது. வேனிலிருந்த அத்தனை பேருக்கும் லேட் மார்க். நான் ரூட் போட்டது ஞாயிறு மதியம். மேப் எனக்குக் காட்டியதும் ஞாயிறு மதியத்து ரோட்டைத்தான். மேப்பில் தவறில்லை. புறப்படும் நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேட்கும் வசதி அதில் இருக்கிறது; அதை நான் தொடவில்லை. ஏகாம்பரம் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே ஆபீசுக்குள் வந்தார்.

"ஞாயித்துக்கெழமை ரோட்ட காட்டி திங்கக்கெழமை வண்டிய ஓட்டச் சொல்றியே சார், நீயே வந்து ஸ்டேரிங்க புடி, பாக்கலாம்."

கேன்டீன் நகர்

அடுத்து, யார் யார் எங்கே ஏறுகிறார்கள் என்று தெரிய வேண்டும். வேனில் வரும் முப்பத்தொரு பேருக்கும், 'உங்கள் லொகேஷனை உடனே அனுப்பவும்' என்று வாட்ஸப்பில் செய்தி போட்டேன். கட்டுப்பாடான ஜனங்கள், பத்தே நிமிடத்தில் எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொன்றாக மேப்பில் குத்தினேன். எங்கள் தொழிலாளர்களில் இருபத்தாறு பேர் மண்ணூர்பேட்டைக்குப் பக்கத்தில், ஒரே கூரையின் கீழ், சாம்பார் அண்டாவுக்கு அருகில் குடியிருந்தார்கள்.

நான் செய்தி அனுப்பியது சாப்பாட்டு இடைவேளையில். கேள்வி துல்லியமாக இருக்க வேண்டும் என்று பிறருக்குப் பாடம் நடத்துகிறவன் நான். கலைவாணியைக் கூப்பிட்டு, வீட்டு லொகேஷன் அல்லவா அனுப்பியிருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"ஒடனே அனுப்புன்னு போட்டியே சார், ஒடனேன்னா இங்கதான கீறோம்? ஊட்டுக்குப் போய் ஒடனே அனுப்ப முடியுமா?"

தொண்ணூறு மீட்டர்

வீட்டு லொகேஷன்கள் வந்து சேரவே அந்த வாரம் போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் என் கம்ப்யூட்டரில் சேட்டிலைட் படத்தைத் திறந்து, தூரம் அளக்கும் கோட்டை கலைவாணி நிற்கும் இடத்திலிருந்து மெயின் ரோட்டு ஸ்டாப் வரை இழுத்தார். தொண்ணூறு மீட்டர். "இதற்காகவா வேன் உள்ளே போய்ச் சுற்றி வருகிறது?" என்றார். எனக்கும் நியாயமாகவே பட்டது. சொல்லிவிடலாம் என்று கலைவாணியை வரவழைத்தேன். அவர் திரையை ஒரு நொடி பார்த்தார். நகத்தால் நடுவில் ஓடிய மெல்லிய சாம்பல் கோட்டைத் தொட்டார். தண்டவாளம். இரண்டு பக்கமும் சுவர். ரயில்வே கேட் வரை போய்ச் சுற்றி வந்தால் நடை ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அதைக் கேட்டு மேனேஜர் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் வண்டியைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர், மேப்பில் பெயர் உள்ள இடத்தைத்தான் ஸ்டாப்பாக ஏற்குமாம். அங்கே மேப்பில் எந்தப் பெயரும் இல்லை. வெறும் வெள்ளை. வெள்ளிக்கிழமைக்குள் பெயரோடு காட்டினால் விட்டுவிடுவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

கலைவாணி உட்காரவில்லை. பெண்ணை எழுப்பி, கிளப்பி, மாமியாரிடம் விட்டு வருவதற்கே மூச்சு வாங்குகிறது. அதற்கு மேல் அரை மணி நடை முடியாது என்றார். பக்கத்திலேயே ஒரு தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். எங்கள் பிரிவில் கண்ணால் பார்த்தே முடி அளவு விரிசலைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். மெஷின் அவருக்குப் பிறகுதான் சொல்லும்.

"மேப்புல அது கோடு சார். நாங்க தாண்டினா அது ரெயிலு. ஸ்டாப்ப எடுத்தீங்கன்னா சொல்லிடு, நானும் பேப்பர் போட்டுர்றேன்."

பெயர் சூட்டும் படலம்

விடுபட்ட இடத்தை யார் வேண்டுமானாலும் மேப்பில் சேர்க்கலாம். அந்த இடத்துக்கு ஊரில் வழங்கும் பெயர் 'ஐஸ் கம்பெனி'. அங்கே ஐஸ் கம்பெனி கிடையாது. ஒரு காலத்தில் இருந்ததாம். இப்போது இருப்பது செல்போன் டவர். பெயர் உண்மையாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. 'செல்போன் கோபுரம் எதிரில்' என்று அன்று சாயங்காலமே அனுப்பினேன். புதன்கிழமை நிராகரித்துவிட்டார்கள். ஏகாம்பரம் சிரித்தார். "அந்தப் பேர சொன்னா எங்க ஊரு ஆட்டோக்காரனே வரமாட்டான், மேப்புக்காரன் எப்டி சார் வருவான்?" என்றார்.

என் கொள்கையைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். வியாழன் காலை ஐந்து பெண்களும் டிபன் பையோடு டவர் முன்னால் வரிசையாக நிற்க, ஏகாம்பரம் படம் எடுத்தார். 'ஐஸ் கம்பெனி ஸ்டாப்' என்று கலைவாணி அனுப்பினார். மதியம் அந்த வெள்ளையில் பெயர் முளைத்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலத்துக்குள் ஐவரும் அந்த இடத்துக்கு மதிப்புரையே எழுதி முடித்திருந்தார்கள். நான்கு பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்க, கலைவாணி மட்டும் நாலு. தன் ஸ்டாப்புக்கே ஏன் ஒன்று குறைத்தார் என்று கேட்டேன்.

"நாயி கீதே சார். பொய்யா எழுதச் சொல்ற?"

வெள்ளிக்கிழமை

மேனேஜர் பெயரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். படத்திலிருந்து ஐந்து பெண்களும் எங்கள் கம்பெனியின் நீலச் சீருடைக் கோட்டோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேனாவை எடுத்தார், வைத்தார், படத்தைப் பெரிதாக்கினார். ஐந்து மதிப்புரைகளையும் படித்தார். முதல் மதிப்புரையின் தேதி நேற்று. கடைசியின் தேதியும் நேற்று. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

"இருக்கிற இடம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் சார், இனிமேல் படம் எடுத்தால் சிரிக்கச் சொல்லுங்கள்."

வாடிக்கையாளர்

ஸ்டாப் நிலைத்தது, கலைவாணியும் நிலைத்தார். அடுத்த வாரத்தில் ஒருநாள், காலை ஆறே காலுக்கு, சென்னீர்குப்பத்திலிருந்து ஒருவர் பைக்கில் அங்கே வந்து இறங்கினாராம். பின்னால் பெரிய தெர்மாகோல் பெட்டி. வீட்டில் விசேஷம், ஜூஸுக்கு ஐஸ் வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு டவரைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பெண்களிடம் கம்பெனி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டிருக்கிறார். அதற்குள் வேன் வந்துவிட்டது. கலைவாணி படியில் ஒரு கால் வைத்தபடி சொன்ன பதிலை ஏகாம்பரம்தான் எனக்கு அப்படியே ஒப்பித்தார்.

"ஐஸ் இல்லண்ணா, வேன்தான் கீது, எஸ்டேட் பக்கம் வேலைன்னா ஏறிக்க."

இத்தனை வருடத்தில் நான் கண்டது, ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்தை ஆபீசுக்குத் தெரியவைக்கத்தான் மேப் என்பதும், வழி காட்டுவதெல்லாம் அது ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை என்பதும்தான்.