இரண்டு அடைப்புக்குறிகள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அந்த முதலாளியை முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. "கம்ப்யூட்டர் படிச்சவளுக்கு ஒரு லிஸ்ட் எடுக்க இத்தன நேரமா?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம். வரன் கேட்டு வருகிறவர்கள் சொல்லும் நிபந்தனைகளைத் தரவுத்தளத்துக்குப் புரிகிற மாதிரி எழுதி, பட்டியல் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

புதுச்சத்திரத்திலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். "நாமக்கல்லும் பாருங்க, சேலமும் பாருங்க. எங்க கூட்டம் மட்டும் வேண்டாமுங்க" என்றார். கூட்டம் என்பது குலம்; ஒரே கூட்டம் என்றால் பங்காளி. முன்பின் பார்த்திராத பையனானாலும் பெண்ணுக்கு அண்ணன் முறை. மகள் சுவரில் மாட்டியிருந்த ஜோடிப் படங்களை முறைத்துக்கொண்டிருந்தாள்.

'நாமக்கல்லும் சேலமும்' என்று மனிதர்கள் சொல்வதை நம்பி, இரண்டும் பொருந்த வேண்டும் என்கிற 'ஆண்ட்' போட்டால் ஒரு வரன்கூட வராது. ஒரே ஆள் இரண்டு மாவட்டத்தில் குடியிருக்க மாட்டான். அங்கே, ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்கிற 'ஆர்' போட வேண்டும். அது தெரியும் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. 'நாமக்கல் ஆர் சேலம் ஆண்ட் கூட்டம் வேறு' என்று எழுதினேன். முதலாளி பின்னால் நின்று மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர்மேல் பழி போட எனக்கு ஆசைதான். ஆனால் தட்டெழுதியது என் விரல்.

'ஆர்', 'ஆண்ட்' இரண்டும் சேர்ந்து வந்தால் 'ஆண்ட்' முந்திக்கொண்டு தன் பக்கத்தில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். நாமக்கல்லையும் சேலத்தையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. கூட்டம் பார்க்கும் நிபந்தனை சேலத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. நாமக்கல் பையன்கள் சலிக்கப்படாமலே வந்துவிட்டார்கள்.

எங்களை விட்டுவிட்டு இரு வீட்டாரும் நேராகப் பேசிவிடுவார்கள் என்ற பயத்தில், கூட்டத்தையும் குலதெய்வத்தையும் முதலாளி தாளில் அச்சடிக்க விடமாட்டார். "கூட்டமெல்லாம் நாங்க பாத்துட்டோமுங்க" என்பார். நம்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாமக்கல் பையனைப் பிடித்தது. இருவரும் இரண்டு மாதம் போனில் பேசினார்கள். பெரியவர்கள் பெண் பார்க்க வந்த அன்று, உங்களுக்கு எந்தக் கோயில் என்று யாரோ கேட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே குலதெய்வக் கோயில், அதாவது ஒரே கூட்டம்.

மறுநாள் பெண்ணின் அப்பா வந்தார். "பங்காளியக் கொண்டாந்து மாப்பிள்ளைன்னு உக்கார வெப்பீங்களா? ஊருக்குள்ள நான் எப்படித் தல காட்டறது?" முதலாளி என்னைக் கை காட்டினார். "இந்தப் புள்ள பண்ணுன வேலைங்க." அந்த மூன்று வருடத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதனாலேயே அவரை இன்னும் வெறுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க தப்பாச்சுன்னு காட்டுங்க."

காட்டினேன். அடைப்புக்குறிகளைப் போட்டு மறுபடி தேடினேன். பட்டியலிலிருந்து அவன் படம் போய்விட்டது.

"இவ்வளவுதானுங்களா?" என்றாள். பிறகு, "அவர இனிமே அண்ணான்னு கூப்பிடோணுமாம். ஊட்டுல சொல்றாங்க. நீங்களா இருந்தா கூப்பிடுவீங்களா?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அத நீங்களே வெச்சுக்கங்க. அந்த ரெண்டு குறியையும் எடுத்துப்போட்டு ஒருக்கா தேடுங்க."

எடுத்துவிட்டுத் தேடினேன். நான்காவது வரிசையில் அவன் படம் திரும்ப வந்தது. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இதுதானுங்க சரியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.