கப்பல்ல ஜன்னல் இல்லாத ரூம்

இதைக் கட்டுக்கதைன்னு நெனைக்கிறவங்க இப்பவே எழுந்து போய் வேற வேலை பார்க்கலாம். நான் கோச்சிக்க மாட்டேன். சாந்தம்மாள் என் சித்தி மவ. ஜவ்வாது மலையில, புதூர்நாட்டுலதான் இன்னிக்கும் இருக்கா. சந்தேகம்னா ஜீப் புடிச்சு மேல போய் அவளையே கேளுங்க. ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு கேளுங்க.

இப்போ யாரைப் பார்த்தாலும் கப்பல் டூர், கப்பல் டூர்னு குதிக்கிறாங்க. முதல் தடவை போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது சிலது இருக்கு. நடுநடுவுல சொல்லிக்கினே போறேன். முழுசாப் படிச்ச அப்பால டிக்கெட் போடுங்க.

சாந்தம்மாளுக்குச் சாமை விதைக்கத் தெரியும், புளி உலுக்கத் தெரியும். கடலைக் கண்ணால பார்த்ததில்ல. அவ வூட்டுக்காரர் வேடியப்பன் திருப்பத்தூருக்கும் மலைக்கும் ஜீப் ஓட்றவர். ஒரே பொண்ணு அபிநயா. போளூர்ல கட்டிக் குடுத்திருக்கு. ஆனா அவளும் மாப்பிள்ளையும் இருக்கறது சென்னையில, அங்க ஒரு டிராவல்ஸ் ஆபீஸ்ல அவளுக்கு வேலை. ஆபீஸ்ல அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் கப்பல் டிக்கெட் சும்மாவே குடுத்தாங்க. மூணு நாள், கடலுக்குள்ள போய்ட்டு திரும்பி வர்றது. ஆனா அபிநயாவுக்கு ஆறு மாசம் முடிஞ்சுபோச்சு. அந்த மாசத்துல கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம். வயித்துல புள்ளையோட டூர் போலாம்னு இருக்கறவங்க முதல்ல இதைக் கேட்டுக்கோங்க.

அதனால டிக்கெட் அப்பா அம்மா பேருக்கு மாறிச்சு.

சாந்தம்மாளுக்குப் போக இஷ்டமே இல்ல. அவ நெனைப்பு முழுக்க வரப்போற பேரப்புள்ள மேலதான். பழைய சேலையெல்லாம் துவைச்சு, கிழிச்சு, மெத்துமெத்துன்னு மடிச்சு பெட்டி நெறைய வெச்சிருந்தா. "புள்ளைய முதல்ல என் கையிலதான் குடுக்கணும், இப்பவே சொல்லிட்டேன்"னு சம்பந்தியம்மா காந்தாகிட்ட சண்டையே போட்டு வெச்சிருந்தா. தலைப்பிரசவம் தாய் வூட்டுல. அந்த ஒரு சந்தோஷத்துக்காக நாளை எண்ணிக்கினு இருந்தவ.

"புள்ள பொறந்துட்டா நீ நவுர மாட்ட. இப்பவே போய்ட்டு வாம்மா"ன்னு அபிநயா போன்ல விடல.

"சரிடி, இன்னா எடுத்துக்கினு போவணும்?"

"மாத்திரை மருந்தைக் கைப்பையில வெச்சுக்க. பெரிய பெட்டி ரூமுக்கு வந்து சேர சாயங்காலம் ஆவும். ஏறினதும் ஒரு கார்டு குடுப்பாங்க. சாவி, பர்சு எல்லாமே அதான். கழுத்துல மாட்டினா கழட்டாத."

"தாலி மாதிரின்ற."

"ஆமா. அப்பால லைஃப் ஜாக்கெட் மாட்டப் பழக்குவாங்க. படுத்துக்கினு போகாம இருக்காத. இன்னொண்ணு... ரூம் கீழ்த்தட்டுல, நடுவுல. ஆட்டம் கம்மியாத்தான் இருக்கும். ஜன்னல் மட்டும் இருக்காது."

"ஜன்னல் இல்லாம அது ரூமா, சாமை கொட்டி வெக்கிற குதிராடி?"

அபிநயா சிரிச்சா. பாவம், அவளுக்கு இன்னா தெரியும்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். சாந்தம்மாள் வூட்டுல ஒரு பழக்கம். சாப்பிடறதுக்கு முன்னாடி முதல் பிடி சோத்தை எடுத்துக்கினு போய் வேலிக்கு அந்தாண்ட வெப்பாங்க. திதி குடுக்க ஆளில்லாம செத்தவங்களுக்கு. வெக்கும்போது ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க. "பசிச்சவங்க எடுத்துக்கோங்க. எடுத்துக்கினு வந்த வழியே போய்டுங்க." அவ்ளோதான். காக்கா தின்னும், நாய் தின்னும். கேட்டா, "நாம சாப்பிடறப்ப யாரோ பசியோட பார்த்துக்கினு இருந்தா நமக்கு இறங்குமா?"ம்பா.

கப்பல்ல முதல் நாள் ராத்திரி அந்தப் பிடியைக் காகிதத்துல மடிச்சு மேல்தட்டுக்குக் கொண்டு போனா. கடல்ல போடப் போனப்ப யூனிஃபார்ம் போட்ட அம்மா ஒருத்தி ஓடி வந்து கையைப் புடிச்சா. கப்பல்லருந்து ஒரு பருக்கை கூடக் கடல்ல போடக் கூடாதாம். நீங்களும் போட்டுடாதீங்க, அபராதம் தீட்டிடுவாங்க. அன்னிக்கு வெக்காமயே சாப்பிட்டா. அவளுக்குத் தொண்டையில இறங்கல.

மறுநாள் காலையில காத்து எடுத்துச்சு. கப்பல் ஆட ஆரம்பிச்சுச்சு. சாந்தம்மாளுக்குத் தலை சுத்தல், குமட்டல். எழுந்திருக்கவே முடியல. இதுக்கு மாத்திரை இருக்கு. ஆட்டம் வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கணும், வந்த அப்பால போட்டு பிரயோஜனம் இல்ல. அவ அப்பாலதான் போட்டா.

மத்தியானம் வேடியப்பன் ஒரு தட்டுல தயிர்சாதம் கொண்டாந்து வெச்சார்.

"ரெண்டு வாய் சாப்பிடு. நான் மேல போய் மேஜிக் பார்த்துட்டு வர்றேன்."

"போங்க, போங்க. உங்களுக்கு இன்னா."

அவர் இன்னும் கதவாண்டதான் நின்னுக்கினு செருப்பு மாட்டிக்கினு இருந்தார். சாந்தம்மாள் பழக்க தோஷத்துல முதல் பிடியை எடுத்துட்டா. வெளிய எங்க போறது? வெளியன்னு ஒண்ணு இருந்தாத்தானே. ஒரு டிஷ்யூ பேப்பர்ல வெச்சு, அலமாரி ஓரமா, தரையில, ரூமுக்குள்ளயே வெச்சுட்டா.

"பசிச்சவங்க எடுத்துக்கோங்க"ன்னா. அடுத்த வார்த்தை வாய்க்கு வர்றதுக்குள்ள குமட்டிக்கினு வந்துச்சு. பாத்ரூமுக்கு ஓடினா. வாந்தி எடுத்துட்டு, மூஞ்சி கழுவிட்டு, தள்ளாடிக்கினே வந்து கட்டில்ல விழுந்தா.

மீதி வார்த்தையை அவ சொல்லவே இல்ல.

வேடியப்பன் போறப்ப, கழுத்துல கார்டு இருக்கணும்னு பொண்ணு சொன்னது ஞாபகம் வந்து, சுவத்துத் துளையில சொருகியிருந்த கார்டை உருவிக்கினு போய்ட்டார். அந்தத் துளையில கார்டு இருந்தாத்தான் ரூம்ல லைட் எரியும். உள்ள ஆள் இருக்கறப்ப அதை உருவாதீங்க. தயவுசெஞ்சு உருவாதீங்க.

கதவு சாத்திச்சு. கொஞ்ச நேரத்துல லைட்டு போச்சு.

அப்ப மணி ஒண்ணே முக்கால். வெளிய வெயில் கொளுத்துது. ஆனா அந்த ரூமுக்குள்ள... கண்ணைத் தொறந்தாலும் ஒண்ணுதான், மூடினாலும் ஒண்ணுதான். மலையில அமாவாசையில கூட அப்படி ஒரு இருட்டை அவ பார்த்ததில்ல. நட்சத்திரமாச்சும் இருக்கும்.

'அவர் வந்துடுவார்'னு படுத்துக்கினு இருந்தா.

அப்பத்தான் கேட்டுச்சு.

சரக்... சரக்...

காகிதத்தை விரலால வழிக்கிற சத்தம்.

எலின்னு நெனைச்சா. பளபளன்னு தொடைச்சு வெச்சிருக்கற கப்பல்ல ஏது எலி?

அப்பால மெல்லற சத்தம். நிதானமா. வாயை மூடிக்கினு மெல்லற மாதிரி. ரொம்ப நாள் பசிச்சவங்க, சட்டுனு தீர்ந்துடப் போவுதேன்னு கொஞ்சம் கொஞ்சமா மெல்லுவாங்களே, அப்படி.

"யாரு?"

சத்தம் நின்னுச்சு.

ஈரத்துணி வாடை. உப்பு வாடை.

சாந்தம்மாள் கைப்பையைத் துழாவினா. அவளோட கார்டு கிடைச்சுச்சு. சுவத்தைத் தடவிக்கினே கதவாண்ட போனா. துளையைக் கண்டுபுடிச்சு கார்டைச் சொருகினா.

போகல.

மறுபடி சொருகினா. போகல. விரலால தொட்டுப் பார்த்தா.

துளையில ஏற்கெனவே ஒரு கார்டு இருந்துச்சு.

சில்லுனு இருந்துச்சு. சொட்டச் சொட்ட ஈரம்.

கதவுக் கைப்பிடியைத் திருப்பினா. திரும்புது. ஆனா கதவு வரல. இழுத்தா. வரல. ரெண்டு கையாலயும் படபடன்னு தட்டினா. வெளிய ஆளுங்க சிரிச்சுக்கினு நடக்கற சத்தம் நல்லாவே கேக்குது. "ஏங்க! ஏங்க! யாராச்சும் தொறங்க!" தொண்டை கிழியக் கத்தினா. ஒருத்தர் காதுலயும் விழல.

"இன்னும் கொஞ்சம்..."

தரையிலருந்து. காலாண்ட.

ஆணா பொண்ணான்னு தெரியாத குரல்.

"இல்ல... அவ்ளோதான். போய்டு."

"எந்த வழி?"

"வந்த வழி. வந்த வழியே போய்டு!"

"வந்த வழியில தண்ணி..."

அவ கணுக்காலை ஒரு கை புடிச்சுச்சு.

இறுக்கல. புள்ளைங்க புடிக்கிற மாதிரி, சும்மா புடிச்சுச்சு.

"என்னை விட்டுடு சாமி. என் பொண்ணு புள்ளத்தாச்சி. நான் வூட்டுக்குப் போவணும்."

"எங்க?"

"மலைக்கு..."

"அங்க தண்ணி இருக்கா?"

"இல்ல... மலை... மலை அது..."

குரல் பக்கத்துல வந்துச்சு. முட்டியாண்ட.

"நானும் வரவா?"

மலையில இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். வழியில நின்னுக்கினு ஒருத்தர் "வரவா?"ன்னா, ஜீப்புல இடம் இருக்கோ இல்லையோ, "வா"ன்னுதான் சொல்லுவாங்க. காட்டுப் பாதையில யாரையும் விட்டுட்டு வர்ற வழக்கமே இல்ல. அவ யோசிச்சுச் சொல்லல. நாக்கு சொல்லிடுச்சு.

"வா."

கை விட்டுச்சு.

லைட்டு எரிஞ்சுச்சு. கதவு தானா தொறந்துச்சு. எதிர்ல வேடியப்பன் முழிச்சுக்கினு நிக்கறார். அவர் கார்டு அவர் கழுத்துல. அவ கார்டு அவ கையில. சுவத்துத் துளை காலி.

"கதவைத் தொறந்துதானே வெச்சிருக்க, ஏன் இப்படிக் கத்தற? உள்ள யாரோட பேசிக்கினு இருந்த?"

"யாரோடயும் இல்ல."

"ரெண்டு குரல் கேட்டுச்சேடி."

அலமாரி ஓரத்துல காகிதம் கிடந்துச்சு. ஒரு பருக்கை இல்ல.

மறுநாள் சென்னையில இறங்கற வரைக்கும் அவ அந்த ரூமுக்குள்ள கால் வெக்கல. மேல்தட்டு நாற்காலியிலயே ராத்திரியும் கழிச்சா. தரையில கால் வெச்சதும் அழுதுட்டா. விட்டுச்சுடா சனின்னு நெனைச்சா. யாருகிட்டயும் மூச்சு விடல. சொன்னா வேடியப்பன் சிரிப்பார்னு தெரியும்.

ஊருக்கு வந்து பத்துப் பதினஞ்சு நாள் ஒண்ணும் இல்ல. அப்பால, சோத்துப் பானையில பாதி காணாமப் போவ ஆரம்பிச்சுச்சு. வேலிக்கு அந்தாண்ட வெக்கிற பிடியை ஒரு காக்கா தொடல. நாய் கிட்டயே வரல. பட்டப்பகல்ல அடுப்படியில மெல்லற சத்தம். நிதானமா. வாயை மூடிக்கினு.

வளைகாப்புக்கு அவ போளூர் போகல. காய்ச்சல்னுட்டா. பெத்த அம்மா வராம வளைகாப்பான்னு காந்தா எல்லார் எதிர்லயும் கேட்டுட்டாளாம். அபிநயா போன் பண்ணி அழுதா. "பிரசவத்தை அங்கயே வெச்சுக்கடி, இங்க வராத"ன்னா சாந்தம்மாள். ஏன்னு கேட்டதுக்குப் போனை வெச்சுட்டா. வேடியப்பனுக்கு வந்துச்சே கோவம். "பொண்ணு பெத்தா அம்மாவாயிடுவியா? தலைப்பிரசவம் தாய் வூட்டுலதான்"னு கத்திட்டு, ஜீப்பை எடுத்துக்கினு போளூருக்குக் கெளம்பிட்டார்.

மத்தியானம் போன் அடிச்சுச்சு. அபிநயா.

"யம்மா, அப்பா வண்டியிலதான் வர்றேன். மலை ஏறிட்டோம். கோவம்லாம் போச்சா?"

சாந்தம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தா.

"உனக்கு ஒண்ணு சொல்லணும். நீங்க தங்கின ரூம் இருக்கே, அதை எங்க ஆபீஸ்ல காசு குடுத்து வர்றவங்களுக்குப் போடவே மாட்டாங்களாம். ஒவ்வொரு ட்ரிப்லயும் கம்ப்ளைன்ட். யாரோ சாப்பிடறாங்கன்னு, யாரோ காலைப் புடிச்சாங்கன்னு. அதனாலதான் ஸ்டாஃபுக்குச் சும்மா குடுத்திருக்காங்க. சத்தியமா எனக்குத் தெரியாதும்மா, நேத்துதான் என்கூட வேலை பாக்கற கீதாஞ்சலி சொன்னா. ஆனா பாரு, நீங்க இறங்கின அப்பால நாலு ட்ரிப் போய்ட்டு வந்துச்சாம்..."

"சொல்லு."

"ஒரு கம்ப்ளைன்ட் கூட இல்லையாம். ரூம் அவ்ளோ அமைதியா இருக்குதாம். நீ இன்னாம்மா பண்ண?"

அடுப்படியில பானை மூடி உருண்ட சத்தம் கேட்டுச்சு.

சாந்தம்மாள் போனைப் போட்டுட்டு வெளிய பாய்ஞ்சா. கதவை இழுத்துப் பூட்டினா. நாதாங்கியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தா. அது உள்ளதான் இருக்குது, பூட்டியாச்சுன்னு சொல்லிக்கினே ரோட்டுல ஓடினா. செருப்பு இல்ல. முந்தானை தரையில இழுபடுது. வளைவுல ஜீப்பு வந்துச்சு. ரெண்டு கையையும் விரிச்சுக்கினு நடு ரோட்டுல நின்னா.

"திரும்பிப் போங்க! புள்ளைய இங்க கொண்டாராதீங்க!"

வேடியப்பன் பிரேக்கை மிதிச்சார். "பைத்தியமாடி உனக்கு? நடு ரோட்டுல தனியா நின்னுக்கினு!"

அபிநயா கை நெறைய வளையலோட முன் சீட்டுலருந்து எட்டிப் பார்த்தா. முதல்ல அம்மாவைப் பார்த்தா. அப்பால அவ காலாண்ட பார்த்தா.

"யம்மா... யாரும்மா அது, உன் காலைப் புடிச்சுக்கினு?"

ஜீப்பு அங்கயே திரும்பிடுச்சு. சாந்தம்மாள்தான் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினா.

அபிநயாவுக்குப் போளூர்லயே பிரசவம் ஆச்சு. பொம்பளப் புள்ள. அம்மா சாடையாம். இப்போ தவழுது. அந்தப் பழஞ்சேலைத் துணியெல்லாம் வேடியப்பன்தான் கொண்டு போய்க் குடுத்தார். சாந்தம்மாள் இன்னும் அந்தப் புள்ளையைத் தூக்கல.