டாட்டியின் முன்னங்கால்

லோர்னா ஸாஸ்ட்ரோ கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அழுதும் பார்த்ததில்லை. மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்து, "மன்னிக்கணும், உங்க க்ளெய்மை ஏத்துக்க முடியலைங்க" என்று ஒரே சுருதியில் சொல்லிச் சொல்லி அவள் குரல் அப்படியே உறைந்துவிட்டது என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். விஸ்கான்சினில் குளிருக்குப் பஞ்சமில்லை, ஆனால் லோர்னாவின் குரலுக்குக் கோடையிலும் கம்பளி போர்த்திக்கொள்ள வேண்டும் என்பார்கள். மறுமுனையில் ஆட்கள் கத்துவார்கள், கெஞ்சுவார்கள், அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற ஏதாவது உதவி வேணுமாங்க?" என்பாள். திட்டுகிறவனுக்கு அப்போதுதான் இன்னும் எரியும்.

அவள் கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அக்கம்பக்கத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அவர்கள் வாசலில் குவிந்த பனியை வாரி ஒதுக்கிவிட்டு, மணி அடிக்காமல் திரும்பி வந்துவிடுவாள். அவளுக்குள் எங்கோ ஒரு குழாய் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். கணவன் டுவேன் கணையப் புற்றில் போனபோது, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவளே தட்டெடுத்து ஹாம் சாண்ட்விச் பரிமாறினாள். சிலர் "என்ன தைரியம்!" என்றார்கள். சிலர் "சரியான கல்நெஞ்சக்காரி" என்றார்கள். அவளுக்கோ ஒன்றுமே தோன்றவில்லை. அழுகை வரும், இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தாள். இரண்டு குளிர்காலம் போய்விட்டது. பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

டுவேன் விட்டுப்போனவை இரண்டு நாய்கள். டாட்டி ஒன்பது வயதுப் பெண். வேட்டைநாய்க் கலப்பு, தண்ணீர் குடிக்கும்போது காது இரண்டும் கிண்ணத்தில் நனையும். கஸ் மூன்று வயது. அதற்குத் தின்னத் தகாத பொருள் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. லோர்னா இரண்டுக்கும் நேரத்துக்குச் சோறு வைத்தாள், நேரத்துக்கு நடக்கக் கூட்டிப் போனாள். கொஞ்சியதாக யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் டாட்டி அவள் காலடியை விட்டு நகராது.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஆற்றோர விடுதியில்தான் இருப்பார்கள், மீன் வறுவலுக்கு. லோர்னாவும் ஜாய்ஸ் ப்ராக்னோவும் அங்கே ஜன்னல் ஓரம் உட்காருவார்கள். ஜாய்ஸ் அதே கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரி, ஒரே வருடத்தில் இருவரும் ஓய்வு பெற்றார்கள். லோர்னாவுக்கு வாய் இல்லாத குறையை ஜாய்ஸுக்குச் சேர்த்துக் கொடுத்திருந்தார் கடவுள்.

"ஏண்டி, உன் நாய்ங்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தியா இல்லையா?" என்று அந்த ஜனவரியில் ஆரம்பித்தாள்.

"இல்ல."

"எடுத்துத் தொலையேன். எங்க வீட்டு நாய்க் கழுதை போன மாசம் தூண்டில் முள்ளை முழுங்கிடுச்சு. வயித்தைக் கிழிச்சு எடுத்தாங்க. போட்ட க்ளெய்ம் அப்படியே பாஸ் ஆயிடுச்சுன்னா பாரேன்!"

"அப்படியேவா?"

"எனக்கே நம்பிக்கை இல்ல. எங்கடா ஆப்பு வெச்சிருக்கான்னு ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன்."

"இருக்கும். நல்லாத் தேடு."

"முப்பது வருஷம் சோறு போட்ட தொழிலை இப்படியாடி பேசுவே?"

"சோறு போட்டதாலதான் தெரியும்" என்றாள் லோர்னா, மீனுக்கு எலுமிச்சை பிழிந்தபடி. "டாட்டிக்கு வயசாச்சு. இனிமே எடுத்து என்ன?"

"வயசானவளுக்குத்தாண்டி வேணும்! ஏதாவது வர்றதுக்கு முன்னாடி எடு. வந்தப்புறம் எடுத்தா என்ன கதியாகும்னு நான் வேற உனக்குப் பாடம் எடுக்கணுமா?" ஜாய்ஸ் பிராந்திக் கோப்பையை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். "என்ன சொன்னாலும் இதே மூஞ்சி. டுவேன் போனப்பவும் இதே மூஞ்சி, மீன் கருகினாலும் இதே மூஞ்சி. உன்னோட உட்கார்ந்து குடிக்கிறதுக்கு நான் அந்தச் சுவத்தோட குடிக்கலாம்."

"சுவர் பில்லுல பாதி கொடுக்காது" என்றாள் லோர்னா. ஜாய்ஸ் மேஜையைத் தட்டிச் சிரித்தாள்.

பாடம் எடுக்கத் தேவையில்லைதான். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தை அவர்கள் இருவரும் ஜெபத்தைவிட அதிகமுறை சொல்லியிருப்பார்கள். ஆகவே லோர்னா யோசிக்க ஆரம்பித்தாள். எடுக்கலாமா, வேண்டாமா? எடுத்தால் மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் தன்னைப் போல ஒருத்தி தன் குரலிலேயே பேசி இல்லை என்பாள். கிழ நாய்க்கு என்று ஓரளவு பணம் எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். வேண்டாம் என்றே கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போய்த் திரும்பியதும், தெருவில் பனி உருகப் போட்ட உப்பு ஒட்டியிருக்குமே என்று நாய்களின் பாதங்களைத் துடைத்தாள். டாட்டியின் இடது முன்னங்காலில், பாதத்துக்குக் கொஞ்சம் மேலே, விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. அழுத்திப் பார்த்தாள். டாட்டிக்கு வலித்ததாகத் தெரியவில்லை. அது பாட்டுக்கு அவள் காதை நக்கியது.

வேறு யாராக இருந்தாலும் நேரே தொலைபேசியை எடுத்து மருத்துவரைக் கூப்பிட்டிருப்பார்கள். லோர்னாவும் எடுத்தாள். செவ்வாய்க்கிழமை டாட்டிக்கு வருடாந்திரத் தடுப்பூசிக்கு நேரம் வாங்கியிருந்தது. அதை ரத்து செய்யத்தான் எடுத்தாள்.

"எனக்குச் சளி பிடிச்சிருக்கு. அப்புறமா வர்றேன்" என்று பதிவுக் கருவியில் பேசிவிட்டு வைத்தாள்.

மருத்துவரின் விரல் அந்தக் கட்டியில் பட்டால் அது குறிப்பில் ஏறும். குறிப்பில் ஏறினால் அது ஆயுசுக்கும் 'முன்பே இருந்த நோய்'. மருத்துவர் பார்க்காத கட்டி கட்டியே இல்லை. இதுதான் அவள் தொழிலில் கற்ற கணக்கு. அன்று மாலையே கணினி முன் உட்கார்ந்து இரண்டு நாய்களுக்கும் பாலிசி எடுத்தாள். தெரிந்த நோய் ஏதேனும் உண்டா என்று கேட்ட இடத்தில் 'இல்லை' என்று தட்டினாள்.

இரண்டு வாரம் காத்திருந்தால் பாலிசி நடைமுறைக்கு வந்துவிடும். ஜாய்ஸாக இருந்தால் பதினைந்தாம் நாள் ஓடியிருப்பாள். ஆனால் லோர்னாவுக்குத் தெரிந்தது அதிகம். பாலிசி எடுத்த சூட்டோடு வருகிற க்ளெய்ம்களைப் புரட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு தனி மேஜை இருக்கும். மனிதர்களுக்கான கம்பெனியில் அந்த மேஜையில் அவளே ஆறேழு வருடம் உட்கார்ந்திருக்கிறாள். அவசரப்பட்டவன் எவனும் அவளிடம் தப்பியதில்லை. இரண்டு மாதம் தாண்டினால்தான் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சரி, இரண்டு மாதம் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

பணத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள் என்றாலாவது மனசு ஆறும். வீட்டுக் கடன் எப்போதோ அடைந்துவிட்டது, வங்கியில் கொஞ்சம் இருந்தது. பணத்துக்காக இல்லை. குழி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் அதில் விழுந்ததைத் தினமும் காதால் கேட்டவள். தெரிந்துகொண்டே தானும் போய் விழ அவளால் முடியவில்லை. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. இத்தனை விவரம் தெரிந்தவளுக்கு ஒரு நாயின் காலைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லையே!

தினமும் மாலையில் அந்தக் காலைத் தொட்டுப் பார்ப்பாள். பிப்ரவரியில் நெல்லிக்காய் அளவு இருந்தது. பயம் வரவில்லை. அடுப்பில் வைத்ததைத் திறந்து பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வாள். ஒருநாள் ஜாய்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறக்கும் முன் லோர்னா சோபாவில் கிடந்த போர்வையை எடுத்து டாட்டியின் மேல் போட்டாள்.

"என்னடி, மகாராணிக்குக் குளிருதாக்கும்?" என்றாள் ஜாய்ஸ்.

"வயசாச்சில்ல."

"எனக்குந்தான் வயசாச்சு. எவ போர்வை போத்துறா?" என்று ஜாய்ஸ் குனிந்து டாட்டியின் தலையைத் தடவினாள். போர்வை கொஞ்சம் நழுவியது. லோர்னா அதைச் சாவகாசமாக மறுபடி இழுத்துவிட்டு, காபி வைக்கப் போனாள். ஜாய்ஸ் கவனிக்கவில்லை. நாயும் காட்டிக்கொடுக்கவில்லை.

மார்ச்சில் பனி உருகத் தொடங்கியபோது டாட்டி நொண்ட ஆரம்பித்தது. படியில் இறங்குமுன் நின்று யோசித்தது. கட்டி இப்போது பாதி எலுமிச்சம்பழம் போலப் புடைத்து, அதன்மேல் முடி உதிர்ந்திருந்தது. லோர்னா அவசரப்படவில்லை. நாட்காட்டியில் இரண்டு மாதம் முடியும்வரை காத்திருந்துவிட்டு, அதற்கடுத்த நாளுக்கு நேரம் வாங்கினாள்.

டாக்டர் மாய் வாங் எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஹ்மாங் அகதிக் குடும்பத்துப் பெண். நாயை மேஜையில் ஏற்றமாட்டாள், தானே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். டாட்டி அவள் மடியில் தலையை வைத்தது. டாக்டர் காலைத் தொட்டாள்.

"இதை எப்போ முதல்ல பார்த்தீங்க?"

"போன வாரம்" என்றாள் லோர்னா. பதில் தயாராக இருந்தது.

"போன வாரமா? அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

டாக்டர் கட்டியைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தாள். "ஒரு வாரத்துல இவ்வளவு வளர்ந்திருக்குன்னா, லோர்னா, இது ரொம்ப வேகமான ஜாதி. இந்நேரம் உள்ள பரவியிருக்கும். இவ வயசுக்கு வெட்டிக் கிழிச்சு இம்சை பண்ண வேண்டாம்னு தோணுது. வலிக்கு மருந்து தர்றேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், அவளுக்குப் பிடிச்சதெல்லாம் கொடுங்க. கஷ்டம் அதிகமானா அன்னிக்குக் கூப்பிடுங்க, நானே வீட்டுக்கு வந்து ஊசி போட்டு நிரந்தரமாத் தூங்க வெச்சுடறேன்."

லோர்னா தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் போதும். பாலிசியில் எல்லாம் கிடைக்கும், கடைசி ஊசி உட்பட. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். டாட்டி டாக்டரின் மடியிலிருந்து தலையைத் தூக்கி, இவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது.

"ஒரு வாரம் இல்ல" என்றாள் லோர்னா.

"என்ன?"

"ஜனவரியிலேர்ந்து இருக்கு. பட்டாணி மாதிரி இருந்துச்சு. தினமும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று லோர்னா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவளுக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்.

"இன்ஷூரன்ஸா?" என்று மட்டும் கேட்டாள் டாக்டர்.

"ஆமா."

"சரி. இருங்க."

டாட்டியை உள்ளே அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊசியால் கட்டியில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். திரும்பி வந்த டாக்டர் நாற்காலியை லோர்னாவின் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நுரையீரல் சுத்தமா இருக்கு. இது மெதுவா வளர்ற வகைதான். இருக்கிற இடத்துலயே வேர் விடும், சட்டுனு வேற இடத்துக்கு ஓடாது. அவளைப் பிழைக்க வெச்சுடலாம்."

"அப்ப எடுத்துடுங்க."

"கட்டியை மட்டும் எடுக்க முடியாது, லோர்னா. அந்த இடத்துல சதையே கிடையாது. இவ்வளவு பெரிசானதை எடுத்தா மூடுறதுக்குத் தோல் இல்ல. காலைத்தான் எடுக்கணும், தோள்லேர்ந்து."

லோர்னா கையுறைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பட்டாணியா இருந்தப்போ வந்திருந்தா, காலைல எடுத்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றாள் டாக்டர். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். பிறகு எழுந்து கணினிப் பக்கம் போய், விசைகளின் மேல் கையை வைத்துக்கொண்டு தயங்கினாள். "நீங்க முதல்ல சொன்னதையே போட்டுக்கவா? நான் ஒண்ணும் கேட்டுக்கல."

"வேண்டாம். ஜனவரின்னே எழுதுங்க."

"ஒரு காசு கொடுக்கமாட்டாங்க, தெரியும்ல?"

"எனக்குத் தெரியாதா?" என்றாள் லோர்னா. "நாளைக்கு வேற டாக்டர் யாராவது பார்த்தா, அது எத்தனை நாளா இருந்துச்சுன்னு சரியாத் தெரியணும். எழுதுங்க."

மறுநாள் அறுவை நடந்தது. அதற்கு அடுத்த நாள் அழைத்துப்போகச் சொன்னார்கள். லோர்னா காத்திருப்பு அறையில் டாட்டியைக் கட்டும் வாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதவியாளப் பெண் ஒருத்தி டாட்டியின் மார்புக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கியபடி மெல்ல நடத்தி வந்தாள். இடது பக்கம் தோளில் முடி மழித்து, நீளமாகத் தையல் போட்டிருந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை.

டாட்டி லோர்னாவைப் பார்த்துவிட்டது. ஓடிவரப் பார்த்து மோவாய் தரையில் இடிக்க விழுந்தது. எழுந்தது. மறுபடி தத்தியது.

"பாத்தீங்களா, என்ன அவசரம்!" என்று சிரித்தாள் அந்தப் பெண். "இந்த வயசு நாய்னா நிறையப் பேரு வேண்டாம்னு கையைக் கழுவிடுவாங்க. இவ கொடுத்து வெச்சவ, உங்ககிட்ட இருக்கா."

"இல்லம்மா" என்றாள் லோர்னா. சொல்லும்போதே குரல் உடைந்தது. அந்தச் சத்தம் யாருடையது என்று அவளுக்கே ஒரு கணம் விளங்கவில்லை. "இந்தக் கால் போகவேண்டிய காலே இல்லம்மா. நான்தான் வாயைத் திறக்கல."

லோர்னா நாற்காலியிலிருந்து நழுவி, உருகிய பனியும் சேறுமாக இருந்த தரையில் உட்கார்ந்தாள். டாட்டி வந்து சேர்ந்து, முழு பாரத்தையும் அவள்மேல் சாய்த்துக்கொண்டது. கன்னத்தில் வழிந்ததை நக்கியது. வால் மட்டும் நின்றபாடில்லை. அவளைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் அது ஆடிக்கொண்டே இருந்தது. அதைத்தான் லோர்னாவால் பார்க்க முடியவில்லை.