அடைப்புக்குறிக்குள் அம்மா

2012-ஆம் ஆண்டு, மாசி மாதம். எங்கள் ஊர் மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் வந்து வந்து போக, நான் மடிக்கணினி முன்னால் அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

தலையில் மீன் சுமந்து போய் விற்கும் எங்கள் கடற்கரைப் பெண்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். எழுத வேண்டியதை எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். கழுத்தை அறுத்தது கணினிதான்.

புத்தகம் போல நீளமாக எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அதில் எழுதியிருந்தேன். அத்தியாயங்களை இஷ்டம்போல் தூக்கி மாற்றி வைக்கலாம், அருமையாக இருந்தது. மேற்கோள்களுக்கு இன்னொரு மென்பொருள். படித்த புத்தகம், பேட்டி கண்ட ஆள் என்று எல்லா விவரத்தையும் அதில் போட்டு வைத்தால், கடைசியில் துணைநூல் பட்டியலை அதுவே தயாரித்துக் கொடுத்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தங்கம். சேர்த்து வைத்தால் கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்ட சம்பந்திகள்தான்.

இரண்டையும் பேச வைக்க ஒரு வழி உண்டு. எழுதும்போதே மேற்கோள் வரும் இடத்தில் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் பெயரும் ஆண்டும் எழுத வேண்டும். முடிந்ததும் கோப்பை மேற்கோள் மென்பொருளிடம் கொடுத்தால், அது ஒவ்வொரு அடைப்புக்குறியாகப் பார்த்து நிரப்பும். என் கோப்பிலோ, ஏதோ ஒரு பெயர் தெரியவில்லை என்று சொல்லி அடம்பிடித்து நின்றது. எந்தப் பெயர் என்று பார்க்கலாம் என்றால், தமிழ் எழுத்துகள் அந்த இடத்தில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன.

வேறு வழியில்லாமல், அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணையக் குழுவில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் புலம்பினேன். முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார். எந்த நாட்டுக்காரரோ, ஆணோ பெண்ணோ, இன்றுவரை தெரியாது. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துச் சோதிக்கச் சொன்னார். ஒன்றே ஒன்று மட்டும் இடித்தது. அதில் உள்ள அடைப்புக்குறிகளை எல்லாம் ஆங்கில எழுத்தில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பல இடங்களில் ‘அம்மா’ என்று மட்டும் இருக்கிறது, ஆண்டும் இல்லை, யார் இவர் என்று கேட்டிருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவும் மீன்காரிதான். என் படிப்பெல்லாம் அவள் தலையில் மீன் சுமந்த அலுமினியச் சருவத்திலிருந்து வந்தது. அவள் சொன்னவற்றை எழுதும்போது, பெற்ற தாயைப் பேர் சொல்லி எழுத மனம் வராமல், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ‘அம்மா’ என்றே போட்டு வந்திருக்கிறேன். அது அப்படியே மறந்துபோயிற்று.

என் தாய் என்று பதில் எழுதினேன். அப்படியானால் மற்றவர்களைப் போல அவருக்கும் ஒரு பெயரும் ஓர் ஆண்டும் கொடுத்துவிடுங்கள் என்று எழுதினார் அந்த முகம் தெரியாத மனிதர்.

கொடை சமயத்தில், கடற்கரையை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களில் பல வீடுகளில் விரதம் என்று மீன் வாங்கமாட்டார்கள். அதனால் அம்மா வீட்டில்தான் இருந்தாள். முற்றத்தில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

“அம்மா, வியாவாரத்தப் பத்தி நீ எங்கிட்ட சொன்னதெல்லாம் எந்த வருசம் சொன்ன?”

“எந்த வருசம்ணு சொல்லதுக்கு? நீ பொறந்ததுலேருந்து சொல்லிட்டுத்தானே கெடக்கேன்.”

“வருசம் வேணும்மா. பேரும் வேணும். இல்லேண்ணா கம்ப்யூட்டர் ஒத்துக்கிடாதாம்.”

அம்மா கையை உதறிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ எங்கிட்டயும் கேக்கப் போறியா மக்கா? மத்தவளுவகிட்ட கேட்டது போல?”

அந்தக் கேள்வியில் இருந்த வெட்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக எத்தனையோ பெண்களிடம் போயிருக்கிறேன். ‘ஒனக்க மவ வந்து கேட்டா’ என்று அவர்கள் அம்மாவிடம் வந்து சொல்லும்போதெல்லாம், ‘எனக்க மவளுக்கு எல்லாந் தெரியும், எங்கிட்ட என்ன கேக்கதுக்கு’ என்று சமாளித்திருக்கிறாள். உள்ளுக்குள் எதிர்பார்த்தபடியே இருந்திருக்கிறாள்.

உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டி, தலை சீவி வந்தாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் டேப்பை ஓடவிட்டு, எல்லோரிடமும் கேட்பதுபோல் முதலில் பெயரைக் கேட்டேன். ஞானஸ்நானப் பெயரை முழுதாகச் சொன்னாள். ஊரில் யாரும் அவளை அந்தப் பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் என் அண்ணனுடைய அம்மா, அவ்வளவுதான்.

எல்லாப் பெண்களிடமும் கேட்ட இன்னொரு கேள்வியையும் வழக்கம்போல் கேட்டேன். கைக்குழந்தை இருந்த காலத்தில் விற்கப் போகும்போது பிள்ளையை யாரிடம் விடுவீர்கள்?

அம்மா சிரித்துவிட்டாள்.

“பிள்ளைண்ணா நீதானேட்டி! ஒன்ன இடுப்புல வச்சிட்டுத்தான் போவேன். தக்கலைக்கு அந்தால வயக்காட்டுப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டு அக்கா, ‘வெயில்ல பிள்ளையத் தூக்கிட்டு அலையாத, இங்க கெடத்திட்டுப் போ’ண்ணுவாவ. அவிய பிள்ள கெடந்த தொட்டில்லதான் ஒன்னையும் போடுவாவ. ஒருநா நான் வர நேரமாயிப்போச்சு. நீ பசியில கத்திக் கெடந்திருக்க. அவியளே பால் குடுத்து ஒறங்க வச்சிருந்தாவ.”

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

“கொடை மாசத்துல அவிய மீன் தொடமாட்டாவ. ஆனா பிள்ளையக் காணல்லியேண்ணு சொல்லி விடுவாவ. சருவம் இல்லாம ஒன்ன மட்டும் தூக்கிட்டுப் போயி காட்டிட்டு வருவேன்.”

“இத ஏம்மா இத்தன நாளா சொல்லல்ல?”

“வியாவாரத்தத் தானே கேட்டுட்டு இருந்த. இத நீ கேக்கல்லியே மக்கா.”

அன்று என்னென்னவோ பேசினோம். பிறகு அத்தியாயத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தேன். மேற்கோள் மென்பொருளில் அம்மாவின் விவரத்தைச் சேர்த்து, ‘அம்மா’ என்றிருந்த இடங்களில் எல்லாம் அந்த முழுப் பெயரையும் 2012 என்ற ஆண்டையும் எழுதினேன். கோப்பைக் கொடுத்தேன். எங்கும் நிற்காமல் ஓடி முடிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால், அகரவரிசையில் இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கு நடுவே அம்மா இருந்தாள்.

கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் விரல் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். மேலே யார், கீழே யார் என்று விசாரித்தாள். சொன்னேன்.

“இவிய ரெண்டு பேரும் மீன் வாங்க வந்தா நான் வெல கூட்டிச் சொல்லமாட்டேன்” என்றாள்.

குழுவில் உதவிய அந்த மனிதருக்கு நன்றி எழுதினேன். அவர் தீர்த்து வைத்தது கணினிச் சிக்கலை மட்டுமல்ல என்று சொல்ல நினைத்தேன். அதற்கு என் ஆங்கிலம் போதவில்லை. ஆய்வேட்டைக் குறித்த நாளுக்குள் கொடுத்துவிட்டேன், பட்டமும் வந்தது. ஆய்வேட்டைப் புரட்டும்போதெல்லாம் என் விரல் அந்தப் பட்டியலுக்குத்தான் போகிறது. அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் 2012 என்று இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவளிடம், நான் கேட்கத் தொடங்கிய ஆண்டு அது.