கரைவலைக்குள் டொமி

மணற்காட்டுக் கடற்கரையில் காலையிலேயே கரைவலையைக் கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்கிறார்கள். வார இறுதி நடைக்கு வந்த நானும் மனைவி நிலானியும் முதுகுப்பைகளை மணலில் போட்டுவிட்டுக் கயிற்றில் கை வைக்கிறோம். எங்கள் நாய்கள் இரண்டில் கறுப்பி பைகளோடு படுத்துக்கொள்கிறது. டொமி வேண்டாமென்றால்தான் போகும் பிறவி. துள்ளும் மீனைக் கண்டு கடலில் பாய்கிறது.

சற்று நேரத்தில் அதன் முன்கால்கள் வலையில் சிக்கிக்கொள்கின்றன. ஒவ்வோர் இழுப்புக்கும் தலை நீருக்குள் போய் வருகிறது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!" நிலானி கத்துகிறாள்.

வலைக்குச் சொந்தக்காரரான வலைக்காரர் கடலைப் பார்க்கிறார். கயிறு தளர்ந்தால் வலை சரிந்து மீன் போய்விடும். இழுப்பவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்க்கிறார்கள். டொமியின் தலை மறுபடி அமிழ்கிறது. இம்முறை மேலே வரவில்லை.

"விடுங்கோடா கயித்தை!" வலைக்காரர் கத்துகிறார்.

நெஞ்சளவு நீருக்குள் இறங்கி, வலையை விலக்கி, டொமியைத் தூக்குகிறேன். இருமுகிறது. உயிர் இருக்கிறது. என் இடுப்பை உரசிக்கொண்டு மீன்கள் கூட்டமாக வெளியேறுகின்றன.

வலை கரையேறும்போது, மீன் சேரும் அதன் மடியில் அரைக்கூடை மீன்கூட இல்லை. ஒருவரும் திட்டவில்லை, திட்டினால் நிம்மதியாக இருக்கும். பைகளை மாட்டிக்கொண்டு நழுவப் பார்க்கிறோம்.

"தம்பி, நில்லும்!"

வலைக்காரர் ஒரு பையோடு வருகிறார். சிரிப்பில்லை.

"கயிறு பிடிச்சவைக்குக் கறிக்கு மீன் குடுக்காமல் நாங்கள் அனுப்பிறேல்லை."

பைக்குள் ஒரு கைப்பிடி சூடை மீன். எங்களோடு கயிறு இழுத்தவர்களின் பைகளைப் பார்க்கிறேன். அவற்றிலும் ஒரு கைப்பிடிதான்.