முன் சக்கரத்துக்கு நல்ல டயர்

தங்கச்சியின் ரேஸ் சைக்கிள் டயரில் நூல் தெரிந்ததை முதலில் கண்டவன் நான்தான். தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சேறு கழுவிக்கொண்டிருந்தாள். ரப்பர் தேய்ந்து, உள்ளிருந்த வெள்ளை நூல் விரல் நீளத்துக்கு எட்டிப் பார்த்தது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்புத்தளை பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பஸ் ஒரு வளைவில் திரும்பினாலே முன் சீட்டுக் கம்பியைத் தேடிக் கை போய்விடும். என்னைவிட எட்டு வயது இளைய அவளோ, பயத்தைப் பங்கு பிரித்தபோது தன் பங்கையும் எனக்கே எழுதிவைத்துவிட்டவள்.

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் அது. ஹல்துமுல்லையில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. பஸ்களில் பாதி ஓடவில்லை, ஓடியவற்றில் கால் வைக்க இடமில்லை. பல கை மாறி வந்த ஜப்பான் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். வளைந்த ஹேண்டில், கட்டைவிரல் தடிமனில் டயர். காலையில் அதில் ஏறிப் பெரகலை வரை இறங்கி, அங்கிருந்து இன்னும் இறங்கி ஹல்துமுல்லைக்குப் போவாள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. பனி மூடிய நாளில் அந்த ஒன்றுமில்லாததுகூடக் கண்ணுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவள் போனில் சொல்லும் வரை நான் ஒரு சட்டைக் கையைக்கூட ஒழுங்காக வெட்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமையே அவளைப் பதுளைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே சைக்கிள் சாமான் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருந்தார், எல்லாருக்கும் அவர் நானா. கடை முகப்பில் பளபளவென்று தொங்கிய மலிவான டயர் ஜோடியில் தங்கச்சி கண் வைத்தாள். நானா அதை இறக்கி, பக்கவாட்டில் மடக்கிக் காட்டினார். மயிரிழையாக வெடிப்புகள். வருடக்கணக்காக வெயிலில் தொங்கிக் காய்ந்தது, மலை இறங்குகிற ஆளுக்கு இதைக் கொடுக்க மாட்டேன் என்றார். தடித்த டயராகப் போட்டால் என்ன என்று நான் கேட்டேன். தடிமன் கூடினால் ஆபத்து குறையும் என்பது என் ஞானம். அது பிரேக்கில் உரசும், சக்கரமே சுற்றாது என்றார். சுற்றாமலே இருந்துவிட்டால் இன்னும் நல்லது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில், கொஞ்சம் பாரமானாலும் புது ரப்பராக, எங்கள் கைக்கு எட்டும் விலையில் ஒரு டயரை எடுத்துப் போட்டார். அதில் ஒன்றும், யாரோ ஓட்டிக் கழித்த சுமாரான டயர் ஒன்றும்தான் எங்களால் வாங்க முடிந்தது. பின் சக்கரம்தான் சீக்கிரம் தேயும், புதியதை அதற்கே போடலாம் என்றாள் தங்கச்சி. நானா என் பக்கம் திரும்பினார்.

"பின்னுக்கு வெடிச்சா சைக்கிள் ஆடும் தம்பி. முன்னுக்கு வெடிச்சா ஆள் போகும். நல்லத முன்னுக்குப் போடுங்க."

அப்படியே போட்டோம். ஆனால் 'ஆள் போகும்' என்ற சொல் முள்ளாக எனக்குள் தங்கிவிட்டது. அடுத்த வாரமே ஆயுத பூசை வந்தது. எங்கள் அப்பா இருந்த காலத்தில் அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே சுழலும் பெரிய சக்கரத்தைக் காக்கும் சாமி ரோதமுனி. பூசை நாளில் அப்பா அந்தச் சக்கரத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி, சந்தனம் வைத்துக் கும்பிடுவார். சக்கரம் என்றால் எல்லாம் சக்கரம்தானே? தங்கச்சி கோயிலுக்குப் போயிருந்த நேரம், ரோதமுனியை வேண்டிக்கொண்டு அவள் சைக்கிளுக்கும் பொட்டு வைத்தேன். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு இரண்டு சக்கரங்களையும் பளபளவென்று துடைத்தேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அவள் புறப்பட்ட பிறகு வாசல் கூட்டப் போனேன். சீமெந்துத் தரையில் டயர் போன தடம் மினுங்கியது. தொட்டுப் பார்த்தேன். எண்ணெய். டயரில் மட்டுமா பூசினேன்? ரிம்மிலும் பூசினேன். அந்த சைக்கிளின் பிரேக் கட்டை கவ்விப் பிடிப்பது ரிம்மைத்தான். போன் அடித்தேன், எடுக்கவில்லை. ரோட்டுக்கு ஓடி, வெலிமடையிலிருந்து கரட் ஏற்றி வந்த லொறியை மறித்து ஏறினேன். டிரைவர் சிங்களத்தில் என்னென்னவோ கேட்டார். தங்கச்சி என்பதற்கு அவர்கள் சொல்லும் 'நங்கி' என்ற ஒரு சொல்லைத் தவிர என் வாயில் எதுவும் வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். பனிக்குள் ஒன்றும் தெரியவில்லை. கடவுளே, என் கையாலேயே கொன்றுவிட்டேனா என்றுதான் ஓடியது மனம்.

நாலாவது வளைவில், மலைப் பக்கத்தில் மழைத் தண்ணீர் ஓடும் கானுக்கு அருகே உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் ரத்தம். ஒரு செருப்பு பாதி தேய்ந்து கிடந்தது. சைக்கிள் கானுக்குள் சாய்ந்திருந்தது. நான் ரோட்டிலேயே மண்டியிட்டு அழுதுவிட்டேன். பிரேக் பிடிக்கவில்லை, காலை ஊன்றியும் நிற்கவில்லை, அதனால் மலைப் பக்கமாகச் சாய்த்துவிட்டேன் என்றாள். அந்த நானாவின் டயர்தான் சரியில்லை, திருப்பிக் கொண்டுபோய் அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றும் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவர் தலையோடு போயிருக்கும். ஒரு நிமிடம் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

"நாந்தான் எண்ணெ பூசுனேன்" என்றேன் பிறகு. "ரோதமுனிக்கு."

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள், இனி சைக்கிள் பக்கமே வராதே என்பாள் என்று காத்திருந்தேன்.

"இனிமே நீயே சக்கரத்த பாரு, பிரேக்க புடிச்சுப் பாரு. நீ 'போ'ன்னு சொன்னாத்தாண்ணே நான் எறங்குவேன்."

திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

பெட்ரோல் வரிசை போய்விட்டது, பஸ்கள் ஓடுகின்றன, அவள் சைக்கிளை விடவில்லை. அதற்குப் பிறகு டயர்களும் இரண்டு தடவை மாற்றிவிட்டோம். தினமும் காலையில் உலர்ந்த துணியால் ரிம்மைத் துடைக்கிறேன், பிரேக்கை அழுத்திப் பார்க்கிறேன், டயரைச் சுற்றி விரல் ஓட்டுகிறேன். வேலை அதோடு முடிந்துவிடும். ஆனாலும் எழுந்திருக்காமல் இன்னொரு தடவை துடைப்பேன். அவள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்து நிற்பாள். நேரமாச்சுண்ணே, சொல்லு என்பாள்.

போ என்று சொல்வேன். முதல் வளைவில் அவள் மறைந்ததும், சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று இருக்கும்.