பெருவிரலுக்கும் மோட்சம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆயுசெல்லாம் படுக்கை விரிப்பு அலசியவர் எங்கள் பெரியம்மா. அவருக்கே தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுத்தார் மருமகன். பெரியம்மா பிறந்தபோது, குழந்தை பிழைக்காது என்று நர்ஸ் கைவிரித்ததும், பெற்றவளே தலையில் நாலு சொட்டுத் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள். அது செல்லாதாம்!

"ஆதிச் சபையில ஆத்துல முழுசா முக்கித்தான் எடுத்தாங்க அத்தை. தெளிச்சதெல்லாம் கணக்குலயே வராது."

மகளின் நச்சரிப்பு தாங்காமல், வெள்ளை அங்கியோடு சபையின் ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கினார் பெரியம்மா. போதகர் மல்லாக்கச் சாய்த்து முக்கினார். முழங்கால் மடங்காததால் கால் எழும்பி, அதன் பெருவிரல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டது.

"விரல் நனையல பாஸ்டர், மறுபடி முக்குங்க!" என்று மேலிருந்து கத்தினார் மருமகன்.

பெருவிரலுக்குத் தனியாக ஒரு மோட்சமா? போதகராவது அவரை அடக்கினாரா? அவரும் மறுபடி முக்கினார். மூக்கில் தண்ணீர் ஏறிப் பெரியம்மா இருமித் தவித்தார். விரல் அப்போதும் வெளியேதான். மூன்றாம் முறை நீண்ட கையைத் தட்டிவிட்டுப் படியேறி, சொட்டச் சொட்ட மருமகன் முன்னால் நின்றார்.

"எங்கம்மா அழுதுகிட்டே தெளிச்ச தண்ணியைச் செல்லாதுன்னீங்க. இன்னொரு தடவை நான் முழுகணும்னா, உங்களைத்தான் மாப்பிள்ளை தலைமுழுகணும்!"